தை பிறக்க முன் வீட்டை ஒதுங்க வைக்க வேண்டும், அம்மா ஒன்றையும் எறிய விடுகிறார் இல்லை

திராய்மடு மகள்:

எல்லோருக்கும் வணக்கம். பொங்கலுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. வெள்ளை அடிக்க ஆளுக்குச் சொல்லிவிட்டோம். அதற்கு முன் வீட்டை ஒதுங்க வைத்துவிட வேண்டும் என்று மார்கழி நடுப்பகுதியிலிருந்து முயற்சி செய்கிறேன், முடியவில்லை. இடையில் ஒரு பெரிய பிழையும் செய்துவிட்டேன். முழுவதையும் சொல்லித்தான் கேட்க வேண்டும், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு மட்டக்களப்பில், திராய்மடுவில். சுனாமிக்குப் பிறகு நாவலடிப் பக்கத்து ஆட்களுக்குக் கட்டித் தந்த வீடுகளில் ஒன்று. 500 சதுர அடி. இரண்டு அறை, ஒரு மண்டபம், பின்னால் குசினி. அம்மாவுக்குக் கிடைத்த வீடு. 2012 இல் என் கலியாணத்தோடு அதை எனக்குச் சீதனமாகத் தந்துவிட்டு, குசினிச் சுவரோடு தகரம் போட்டு ஒரு பத்தி இறக்கி அதில் இருக்கிறார். நம் பக்கத்து வழக்கம் தெரியும்தானே, வீடு மகளுக்கு, தாய் தகப்பன் பின்னால் ஒதுங்கிக்கொள்வார்கள். அம்மாவுக்கு 67 வயது. அம்மாவோடு நான், கணவர், பத்து வயது மகள், ஏழு வயது மகன்.

பத்தியிலும் பின் அறையிலும் என்ன இருக்கிறது என்று சொன்னால்தான் விளங்கும். பால்மா டின் மட்டும் 61. எண்ணினேன். எல்லாம் மூடியோடு, ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கூரைத் தகரம் வரை. பிறகு ஐஸ்கிரீம் டப்பா, மார்ஜரின் டப்பா, ஜாம் போத்தல். ஒரு யூரியா பேக் நிறைய மடித்த ஷொப்பிங் பேக். முகாமில் தந்த அலுமினியச் சட்டி இரண்டு, இரண்டுமே அடி நசிந்தவை. தறப்பாள் மூன்று, ஒன்றை எலி அரித்துவிட்டது. கால் ஒடிந்த பிளாஸ்டிக் கதிரை நாலு. பிள்ளைகள் முன்பள்ளியில் கீறின படத்திலிருந்து போன தவணைக் கொப்பி வரை எல்லாம்.

கார்த்திகைக் கடைசியில் வந்த வெள்ளத்தில் பத்திக்குள் கணுக்கால் வரை தண்ணீர். அட்டைப் பெட்டிகள் ஊறிவிட்டன. கொப்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. அலுமாரியை நகர்த்திப் பார்த்தால் பின்பலகை முழுக்கப் பூஞ்சணம், பச்சையும் கறுப்புமாக. மகனுக்கு மார்கழி முழுக்க முட்டு (மூச்சிரைப்பு) இழுத்தது. சுகாதாரப் பரிசோதகரும் வந்து தாழ்வாரத்தில் கிடந்த சட்டியையும் தறப்பாள் மடிப்பில் நின்ற தண்ணீரையும் காட்டி, அடுத்த முறை வரும்போது இவை இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரிதான். போன வருடம் இதே மகன் டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவன்.

இனி நான் செய்த பிழை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா கல்லடியில் ஒரு செத்த வீட்டு முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் போயிருந்தார். நானும் கணவரும் காலையிலிருந்து இரண்டு மணி வரை நின்று ஒன்பது யூரியா பேக் நிறையக் கட்டி வாசலில் வைத்தோம். செவ்வாய்க்கிழமை குப்பை ட்ரக்டர் வரும், ஏற்றிவிடலாம் என்று நினைத்தோம். அம்மாவின் தகரப் பெட்டிக்கு அடியில் ஒரு துணி இருந்தது. பழுப்பு நிறம், சேறு காய்ந்த கறை, ஒரு பக்கம் கிழிசல். கறைத்துணி என்று நினைத்து அதையும் கட்டிவிட்டேன்.

அம்மா பின்னேரம் வந்தார். பேக்குகளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரவு பதினொரு மணி இருக்கும், வாசலில் டின் உருளும் சத்தம் கேட்டு எழும்பிப் போனேன். டோர்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அம்மா ஒவ்வொரு பேக்காக அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றது கூட அவருக்குத் தெரியவில்லை. ஐந்தாவது பேக்கில் அந்தத் துணி இருந்தது. அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்படியே படியில் இருந்துவிட்டார்.

அது அம்மாவின் கூறை, கலியாணச் சேலை. விரித்துக் காட்டினார். கரை மடித்துத் தைத்த இடத்திலிருந்து மணல் கொட்டியது. 2004 மார்கழி (டிசம்பர்) 26, சுனாமி நாளின் மணல். அன்று ஞாயிறு, போயா (பௌர்ணமி) நாள். நான் கோட்டைமுனைக்கு ரியூசனுக்கு வந்திருந்தேன், அம்மா எனக்குத் துணையாக வந்தவர். அப்பா வீட்டில். மூன்றாம் நாள் மாமா தேடிப் போனபோது வாவிப் பக்கம் ஒரு கண்டல் மரத்தில் இந்தக் கூறை சிக்கிக் கிடந்திருக்கிறது. அப்பா கிடைக்கவில்லை. வீட்டிலிருந்து திரும்பி வந்த ஒரே பொருள் இதுதான் என்று அன்று இரவுதான் அம்மா எனக்குச் சொன்னார். 20 வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் எனக்குத் தெரியாது.

விடியும்போது ஒன்பது பேக்கும் திரும்பப் பத்திக்குள். இப்போது அம்மா என்னோடு கதைக்கிறார், பிள்ளைகளைப் பார்க்கிறார், சோறு போட்டால் சாப்பிடுகிறார். ஆனால் பத்திக் கதவுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்.

அம்மாவை மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எல்லாம் போன ஒருவர் ஒரு டப்பாவையும் விடாமல் வைத்திருப்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் ஈரம், பூஞ்சணம், நுளம்பு, இந்தச் சின்ன வீடு, மகனின் முட்டு. இதற்கு நடுவில் எங்கே தொடங்குவது? பெரியவர்களோடு இருந்து வீடு ஒதுக்கினவர்கள் யாராவது சொல்லுங்கள்.


கொழும்பில் ஒரு செங்கலடியான்:

அக்கா, கேட்கவே கவலையாக இருக்கிறது. கூறை திரும்பக் கிடைத்ததே பெரிய விசயம். ஆனால் மற்றச் சாமான்களைப் பொறுத்தவரை, கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு நாளும் முடியாது என்பதுதான் என் அனுபவம். மூன்று வருடத்துக்கு முன் நான் லீவில் வந்து, அம்மாவைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு நாளில் எங்கள் பழைய வீட்டைத் துப்புரவாக்கினேன். அம்மா ஒரு கிழமை கோபமாக இருந்தா, பிறகு சரி. பிள்ளைக்கு முட்டு இருக்கும்போது பொறுத்துக்கொண்டிருக்க ஏலாது. நினைவுச் சாமான்களை மட்டும் முதலே பிரித்து வைத்துவிட்டு மிச்சத்தை ஏற்றிவிடுங்கள்.


களுவாஞ்சிக்குடி பெரியம்மா:

மகள், தம்பி நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் அதைத் திரும்பச் செய்திராதீங்க. நினைவுச் சாமான் எது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கூறையையே நீங்கள் கறைத்துணி என்றுதானே நினைத்தீர்கள். அது உங்கள் குற்றமில்லை, சேறு பிடித்த பட்டு அப்படித்தான் இருக்கும். ஆனால் சாமானைப் பார்த்து அதன் கதை யாருக்கும் தெரியாது. வைத்திருக்கிற ஆள் சொன்னால்தான் உண்டு.

என் கதையைச் சொல்கிறேன். 1978 கார்த்திகை (நவம்பர்) 23 இரவு சூறாவளி அடித்தபோது எனக்குப் பதினான்கு வயது. எங்கள் வீட்டு ஓடெல்லாம் பறந்தது. அப்பா எங்களை ஒரு மூலையில் கட்டிலுக்குக் கீழே தள்ளி, வீட்டில் இருந்த ஒரே கயிற்றால் கதவைத் தூணோடு இழுத்துக் கட்டினார். காலையில் எழும்பிப் பார்த்தால் ஊரில் நிமிர்ந்து நின்ற தென்னையை எண்ணிவிடலாம். அதன் பிறகு எங்கள் அம்மா சாகும் வரை கயிறு சேர்த்தா. தும்புக் கயிறு, நைலோன் கயிறு, மாடு கட்டின கயிறு, சாக்குத் தைத்த நூல் கூட. நாங்கள் பிள்ளைகள் ஏசுவோம். அவ செத்த பிறகு கட்டிலுக்குக் கீழே 11 சுருள் இருந்தது. ஒவ்வொன்றும் ஒழுங்காகச் சுற்றி, தலைப்பு உள்ளே செருகி. அப்போதுதான் எனக்கு அந்த இரவு ஞாபகம் வந்தது. உயிரோடு இருக்கும்போது ஒரு நாளும் நான் கேட்கவில்லை. அது இன்றைக்கும் என் மனதில் கிடக்கிறது.

ஆகவே நான் சொல்வது இதுதான். ஒரு சாமானைத் தூக்கி "இது என்னத்துக்கு அம்மா?" என்று கேட்காதீங்க. அப்படிக் கேட்டால் அவ உங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டி வருகிறது, உடனே மறைக்கத் தொடங்குவா. "இது யாருக்கு அம்மா வைத்திருக்கிறீங்க?" என்று கேளுங்கள். யாருக்கு என்று கேட்டால் மனுசர் கதை வெளியே வரும். கதை வந்த பிறகு சாமானைப் பற்றிப் பேசுவது லேசு.

அடுத்தது, பத்தியில் தொடங்காதீங்க, பூட்டைத் திறக்கச் சொல்லியும் கேட்காதீங்க. குத்துவிளக்கில் தொடங்குங்கள். பொங்கல் வருகிறதுதானே. விளக்கு, செம்பு, வட்டா, பொங்கல் பானை மூடி, பித்தளைச் சாமான் என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் முற்றத்தில் கொண்டு வந்து வையுங்கள். புளிச் சக்கையும் சாம்பலும் எடுத்து அம்மாவோடு இருந்து தேயுங்கள். கை வேலை செய்கிற நேரத்தில் வாய் தானாகத் திறக்கும். அது முடிந்தால் குசினித் தட்டு. ஒரு நாளைக்கு ஒரு தட்டு, அவ்வளவுதான், அதையும் அம்மாவின் கையால். நீங்கள் துடைத்துக் கொடுக்கிற ஆளாக மட்டும் நில்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் என் அம்மம்மாவின் வீடு இருந்தது, நெல் பட்டறை, மாட்டு மால், பின்னால் பெரிய வளவு. அங்கே ஒடிந்த கலப்பையும் கிடக்கும், கிழிந்த சாக்கும் கிடக்கும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை, ஒரு நாளைக்கு எடுப்பார்கள். அந்தப் பழக்கத்தோடு வளர்ந்த ஆட்களை 500 சதுர அடிக்குள் கொண்டு வந்து வைத்திருக்கிறோம். பழக்கத்தில் பிழை இல்லை மகள், இடம்தான் காணாது. அம்மாவிடம் இதை இப்படியே சொல்லுங்கள், அவவுக்கு விளங்கும்.


அக்கரைப்பற்று, ஓய்வுபெற்ற சுகாதாரப் பரிசோதகர்:

தங்கச்சி, பெரியம்மா மனதைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் நுளம்பையும் பூஞ்சணத்தையும் பற்றிச் சொல்கிறேன், இவை இரண்டும் பொங்கல் வரை காத்திருக்காது.

முதலில், மூடியோடு உள்ளே அடுக்கின 61 டின்னும் டெங்குவுக்குக் காரணமில்லை. அவற்றை நினைத்துப் பயப்பட வேண்டாம், அம்மாவோடு அவற்றுக்காகச் சண்டையும் வேண்டாம். பிரச்சினை கூரைக்கு வெளியே கிடப்பவை. நசிந்த சட்டி, மூடியில்லாத டப்பா, கவிழ்ந்த கதிரையின் குழி, தறப்பாள் மடிப்பு. டெங்கு நுளம்புக்கு ஒரு மூடியளவு தண்ணீர் காணும். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள். பலருக்குத் தெரியாத விசயம் ஒன்று இருக்கிறது: முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, பாத்திரத்தின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டுக் காயவைத்தாலும் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த மழைக்குப் பொரிக்கும். ஆகவே ஊற்றினால் போதாது, தும்பு வைத்து உட்பக்கத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும். பிறகு கவிழ்த்து, கூரைக்குக் கீழே. கிழமையில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் வேலை செய்த காலத்தில் வெள்ளிக்கிழமை என்று சொல்வேன், எந்த வீட்டிலும் அன்று எப்படியும் கூட்டிக் கழுவுவார்கள்.

பூஞ்சணத்தை உலர்ந்த துணியாலோ விளக்குமாற்றாலோ தட்டாதீர்கள். தூள் பறந்து மகனின் நெஞ்சுக்குள்தான் போகும். அவனை அன்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். நீங்கள் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு, கதவு ஜன்னல் திறந்து, வினாகிரியில் நனைத்த துணியால் துடைத்து, ஒரு மணித்தியாலம் விட்டு மறுபடி ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். வினாகிரியோடு குளோரினை ஒரு நாளும் கலக்கக்கூடாது, நச்சு வாயு வரும். ஒட்டிக் கட்டியான கொப்பிகளை வைத்திருந்து பயனில்லை, அந்த ஈரத்திலிருந்துதான் மற்றதெல்லாம் பிடிக்கும். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நாலு காலுக்கும் கல் வைத்து உயர்த்துங்கள். சுவரோடு முட்டிக் கிடக்கும் பலகைக்குள்தான் கறையானும் ஏறும். நமது பக்கத்தில் வருட மழையில் பாதிக்கு மேல் கார்த்திகை முதல் தை வரைக்குள் பெய்துவிடும், ஆகவே தை நடுவில் வரும் வெயிலை ஒரு நாளும் வீணாக்காதீர்கள். பாய், தலையணை, மெத்தை எல்லாம் வெளியே போகட்டும்.

ஒரு வேண்டுகோள். பழைய பிளாஸ்டிக்கை வளவில் குவித்து எரித்துவிடாதீர்கள். முட்டு உள்ள பிள்ளைக்கு அந்தப் புகை நஞ்சு.


மருதமுனை ராத்தா:

அஸ்ஸலாமு அலைக்கும் தங்கச்சி. நான் அந்தக் கூறைக்காகத்தான் எழுதுகிறேன். எங்களுடையது நெசவுக் குடும்பம், வாப்பா, மூத்தப்பா காலத்திலிருந்து வீட்டில் தறி. எங்கள் ஊரையும் அந்த அலை விடவில்லை. தறியும் நூலும் மண்ணுக்குள் போனது.

கூறையைத் தோய்த்துப் போடாதீங்க. சேறு பிடித்து இத்தனை வருடம் மடிந்து கிடந்த பட்டு, தண்ணீரில் போட்டால் மடிப்பு மடிப்பாகக் கிழியும். வெயிலிலும் போடக் கூடாது. மழையில்லாத ஒரு காலையில், நிழலில், சுத்தமான ஒரு பன்பாயை விரித்து அதில் வைத்து மெல்ல அவிழுங்கள். மணலையும் காய்ந்த சேற்றையும் மெல்லிய தூரிகையால் தட்டுங்கள், தேய்க்க வேண்டாம். போகிறது போகட்டும், போகாத கறையை விடுங்கள். கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, பல தடவை தோய்த்துப் பசை போன வெள்ளைப் பருத்தித் துணியில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பூச்சி உருண்டை பட்டிலும் ஜரிகையிலும் படக்கூடாது. இன்னொன்று, மடிக்காமல் குழாய் ஒன்றில் சுற்றி வைத்தால் நல்லது. பட்டு மடிப்பில்தான் முதலில் உடையும். மடித்துத்தான் வைக்க வேண்டும் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருக்கால் எடுத்து மடிப்பை மாற்றுங்கள். அதையும் உம்மாவோடு சேர்ந்து செய்யுங்கள்.

இனி மற்றது. எங்கள் ஆட்களுக்கும் அதே வழக்கம்தானே, வீடு மகளுக்கு. எங்கள் உம்மா என் ராத்தாவுக்கு ஒரு வீடு கொடுத்து, எனக்கு ஒன்று கொடுத்து, கடைசியில் தங்கச்சி வீட்டில் ஒரு அறையில் இருக்கிறா. ஒவ்வொரு முறை மாறும்போதும் சாமான் குறைந்தது, பயம் குறையவில்லை. மழை கொஞ்சம் பலமாகப் பெய்தால் எழும்பி அலுமாரியைத் திறந்து கடதாசிகளைத் தேடத் தொடங்கிவிடுவா. பிறகுதான் நாங்கள் ஒரு பை தைத்தோம். தோளில் போடுகிற பை, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். எல்லாருடைய பிறப்புப் பத்திரம், கலியாணப் பத்திரம், அடையாள அட்டைப் பிரதி, வீட்டுப் பத்திரம், வங்கிப் புத்தகம், உம்மாவின் கிளினிக் கொப்பி, வாப்பாவின் மரணப் பத்திரம், ஒரு படம், ஒரு டோர்ச், கொஞ்சக் காசு. எல்லாம் தண்ணீர் புகாத உறைக்குள். அந்தப் பை தொங்கத் தொடங்கின பிறகுதான் உம்மா நிம்மதியாகப் படுத்தா. அதன் பிறகு பழைய சாமான் கொடுக்கக் கேட்டால் "எடுங்க" என்றா.

பத்திரங்களுக்கு லமினேற் அடிக்காதீங்க, பிறகு எடுக்க முடியாது. பிறப்புப் பத்திரம் போனால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம், காணி உறுதி என்றால் நொத்தாரிசு அனுப்பின பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கும். ஆனால் உங்கள் அப்பாவின் மரணப் பத்திரத்தைக் கவனமாக வையுங்கள். கிடைக்காத ஆட்களுக்கு அதற்கென்று 2005 இல் தனிச் சட்டம் கொண்டு வந்துதான் பதிந்தார்கள். அந்த ஒரு தாளுக்கு அந்த நேரம் நம்முடைய சனங்கள் எத்தனை நாள் வரிசையில் நின்றார்கள் என்பது எனக்குத் தெரியும்.

உடுப்புக் கொடுப்பதென்றால் தோய்த்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுங்கள். வாங்குகிறவர் உடுத்திக்கொண்டு வெளியே போகக்கூடியதாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் தரை துடைக்க.


கொழும்பில் ஒரு செங்கலடியான்:

பெரியம்மா எழுதினதை வாசித்துவிட்டு நேற்று இரவு அம்மாவுக்கு எடுத்துக் கதைத்தேன். அன்று வீடு துப்புரவாக்கினபோது நான் எறிந்ததில் உங்களுக்கு வேண்டியது ஏதும் இருந்ததா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்கட அப்பாட கடைக் கணக்குக் கொப்பி இருந்திச்சு மனே, அவர்ர கையெழுத்து" என்று சொன்னா. மூன்று வருடமாக என்னிடம் சொல்லவில்லை. அக்கா, நான் மேலே சொன்னதைச் செய்யாதீங்க.


திராய்மடு மகள்:

பொங்கல் முடிந்து ஐந்து நாளாகிறது. எல்லோருக்கும் நன்றி சொல்லவும், நடந்ததைச் சொல்லவும் வந்தேன்.

பெரியம்மா சொன்னபடி விளக்கில் தொடங்கினேன். அம்மாவும் நானும் மகளும் முற்றத்தில் இருந்து தேய்த்தோம். முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள் குசினித் தட்டு. அங்கேயும் ஆறு பால்மா டின் இருந்தது. நான் ஒன்றை எடுத்துத் துடைத்துக்கொண்டே, இது யாருக்கு அம்மா என்று கேட்டேன். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"மூடி இறுக்கின டின் மிதக்கும் மகள். நாவலடியில பாரமான சாமான் ஒண்டும் திரும்ப வரல்ல. அலுமாரி, கட்டில், தையல் மெசின், எல்லாம் போனதுதான். மிதந்ததுதான் கரைக்கு வந்திச்சு. ஆரோ ஒரு வீட்டு டின் ஒண்டு, உள்ளுக்குச் சீனி நனையாமக் கிடந்திச்சு. அண்டைக்குப் பின்னேரம் அந்தச் சீனியிலதான் உனக்குத் தேத்தண்ணி தந்தன்."

அந்தத் தேத்தண்ணீர் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கோயில் மண்டபத்தில், யாருடையதோ மூடியில் ஊற்றித் தந்தது. சீனி எங்கிருந்து வந்தது என்று இவ்வளவு காலமும் நான் நினைத்துப் பார்த்ததில்லை. 61 டின்னும் எனக்கும் பிள்ளைகளுக்கும்தான். ஆளுக்கு எத்தனை, அரிசிக்கு எத்தனை, பருப்புக்கு எத்தனை என்று அம்மாவிடம் கணக்கே இருந்தது.

அடுத்த நாள் நகரத்துக்குப் போய் ராத்தா சொன்ன மாதிரி ஒரு பையும் தண்ணீர் புகாத உறைகளும் வாங்கி வந்தேன். பத்திரங்கள் எங்கே அம்மா என்று கேட்டபோது அவராகவே பத்தியைத் திறந்தார். எல்லாம் மேல் வரிசை டின்களில் இருந்தன, ஆளுக்கொரு டின். என்னுடையதில் பிறப்புப் பத்திரம், சாதாரண தரப் பெறுபேறு, முகாமில் இருந்தபோது எடுத்த ஒரு படம். மகனுடையதில் டெங்கு வந்தபோது கையில் கட்டின ஆஸ்பத்திரிப் பட்டி. அப்பாவின் டின்னில் மரணப் பத்திரம் மட்டும். எல்லாவற்றையும் உறைக்குள் போட்டு, பையில் வைத்து, வாசல் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டோம். அம்மா இரண்டு தரம் தோளில் போட்டு நடந்து பார்த்தார். பாரம் சரியா என்று.

டின்னைப் பற்றி அதன் பிறகு நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பொங்கலுக்கு முதல் நாள் அம்மாவே பிரித்தார். பன்னிரண்டு வைத்தார், அதில் இப்போது உண்மையாகவே அரிசியும் சீனியும் இருக்கின்றன. இருபது நான் வேலை செய்கிற முன்பள்ளிக்கு, பென்சிலும் கலர்க் குச்சியும் போட. மிச்சம் இருபத்தொன்பதும் நசிந்த சட்டிகளும் பழைய இரும்பு எடுக்கிறவரிடம் போயின. எலி அரித்த தறப்பாளும் போயிற்று, மற்ற இரண்டும் இருக்கின்றன. இருக்கட்டும், மழைக்கு வேண்டும். ஒட்டின கொப்பிகளில் முன் அட்டைகளை மட்டும் மகள் கிழித்து வைத்துக்கொண்டாள். கதிரை நாலும் அப்படியே கிடக்கின்றன. ஒட்டலாம் என்கிறார் அம்மா, கவிழ்த்துக் கூரைக்குக் கீழே வைத்திருக்கிறோம் ஐயா. அலுமாரியைத் தள்ளிக் கல் வைத்தாயிற்று. வெள்ளை அடித்தது மண்டபமும் முன் அறையும் மட்டும். பின் அறை சித்திரைக்கு. மகன் மூன்று இரவாக இழுக்காமல் படுக்கிறான்.

பத்திப் பூட்டு இன்னும் தொங்குகிறது. திறப்பு விளக்குத் தட்டில் இருக்கிறது.

நேற்றுக் காலை கூறையை எடுத்தோம். பன்பாயில் விரித்து, மகனின் வர்ணத் தூரிகையால் நான் தட்ட, அம்மா பிடித்துக்கொண்டார். ஒரு கைப்பிடி மணல் வந்தது. அம்மா அதைக் கூட்டி எடுத்து, பொங்கல் வைத்த இடத்தில் முற்றத்து மணலோடு போட்டார். சேற்றுக்குக் கீழே அது மெரூன் நிறம் என்று இப்போதுதான் தெரிந்தது. முந்தானையில் ஒரு முழ அளவுக்கு ஜரிகை கறுக்காமல் இருக்கிறது.

ராத்தா, சுற்றி வைக்கக் குழாய்க்குப் பதிலாக, துணிக்கடையில் துணி சுற்றி வருகிற மட்டைக் குழாய் ஒன்று கேட்டு வாங்கியிருக்கிறேன். அது சரிவருமா?


மருதமுனை ராத்தா:

சரிவரும் தங்கச்சி. ஆனால் மட்டை நேரே பட்டில் படக்கூடாது, நாளடைவில் மஞ்சள் பிடிக்கும். முதலில் வெள்ளைத் துணியை மட்டையில் மூன்று சுற்றுச் சுற்றுங்கள். பிறகு நல்லாக இருக்கிற முந்தானைப் பக்கம் கடைசியாக வருகிற மாதிரி மறுதலைப்பிலிருந்து கூறையைச் சுற்றத் தொடங்குங்கள், இறுக்க வேண்டாம். ஒரு முனையை உம்மா பிடிக்கட்டும்.